நான் கட்டிக் கொடுத்த பூப்பொட்டலம்

புதிதாக நர்சிங் பாடம் எடுக்க வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள். "ஊசி போடுவதைப் பொம்மையை வைத்துக் காட்டிவிடுகிறோம் டீச்சர். நோயாளியின் ஆன்மிகத் தேவை என்று பாடத்தில் இருக்கிறதே, அதை எதை வைத்துக் காட்டுவது?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோதுதான், எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது இரண்டு பூப்பொட்டலங்கள் என்று நினைவு வந்தது. அதை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்னை ஏசினாலும் பரவாயில்லை. ஒரு நோயாளியை நான் ஏமாற்றினேன். அந்த ஏமாற்று வேலையையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால் அதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதை ஒட்டி ஒரு நர்சிங் பள்ளி. நான் அங்கே டியூட்டர். வயது முப்பத்திரண்டு, தலைக்கனம் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆன்மிகத் தேவை என்ற பாடத்தை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவேன். கரும்பலகையில் கட்டம் போடுவேன். இந்து என்றால் விபூதி குங்குமத்தை அழிக்காதே. முஸ்லிம் என்றால் தொழுகை நேரத்தில் தொந்தரவு செய்யாதே. கிறிஸ்தவர் என்றால் ஃபாதருக்குச் சொல்லி அனுப்பு. மாணவிகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் ஒப்பிப்பார்கள், நானும் பத்துக்கு ஒன்பது போடுவேன். நோயாளியைச் சேர்க்கும்போது எழுதுகிற தாளில் மதம் என்ற இடத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் லீலாம்மா என்று ஒரு பெண் படித்தாள். மேலே ஏலமலையில் தோட்ட வேலை பார்க்கும் குடும்பம். கழுத்தில் சின்னதாகச் சிலுவை. பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். ஒரு நோயாளிக்குத் தலைவாரிவிட அரை மணி நேரம் எடுப்பாள், ஏனென்றால் வாரிக்கொண்டே கேள்வி கேட்பாள். எத்தனை பிள்ளைகள், மூத்தது எங்கே இருக்கிறது, நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்று. "நீ நர்சா, சென்சஸ் எடுக்க வந்தவளா?" என்று நான் கேட்டால் வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். மறுநாளும் அரை மணி நேரம்தான்.

அந்த ஐப்பசியில் ராமுத்தாய் என்ற பெண்ணை ஜீப்பில் இறக்கினார்கள். ராசிங்காபுரத்துக்காரி. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் செடிக்கு நடுவிலேயே சுருண்டு விழுந்திருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி. மகனும் கூட வேலை செய்கிறவர்களும் ரத்தம் கொடுத்து ஒரு வழியாகத் தேற்றினோம். ஆப்பரேஷன் செய்கிற டாக்டர் மதுரையிலிருந்து புதன்கிழமை மட்டும்தான் வருவார். எங்கள் டாக்டர் அவளுடைய மகனையும் என்னையும் வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இதே மாதிரி ரத்தம் போனால் தாங்க மாட்டார். இந்தப் புதனை விட்டுவிடக் கூடாது." மகன் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். உள்ளே வந்து ராமுத்தாயிடம் நாங்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு சொன்னது இவ்வளவுதான்: ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

அவள் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. லீலாம்மா பக்கத்தில் நின்று அவளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, நீ எந்த ஊரு?"

"போடிதான்க்கா."

"அப்ப நம்ம பக்கத்துப் பொண்ணு. ஒனக்கு வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. எங்க ஆத்தாகிட்டப் பூக்கட்டிப் பாக்காம நாங்க ஒரு சோலியும் செய்யிறதில்ல. மக கல்யாணம், நான் மலையேறிப் போனது, எல்லாம் அவகிட்டக் கேட்டுத்தான். இப்ப கோயிலுக்குப் போக ஒடம்புல தெம்பில்ல. இங்கனயே பாத்துருவோம். நாளைக்குச் செவ்வாக்கெழம. நீ பூவக் கட்டிக் கொண்டா. இந்தப் பாப்பா கன்னிப்பொண்ணு, இது எடுக்கட்டும்."

இந்த வழக்கம் இல்லாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று. ஒரே மாதிரித் தாளில் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். எதில் எது இருக்கிறது என்று தெரியாத ஒரு குழந்தையோ கன்னிப்பெண்ணோ ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு நிறம் வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, செய்யலாம். இன்னொரு நிறம் வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் உண்டு. நான் நர்சிங் படிக்க வந்ததே வெள்ளைப்பூ வந்த பிறகுதான்.

அதனால் உடனே சரி என்றேன். நோயாளியின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அன்று மதியம் வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பூப்பறிக்கும்போதுதான் யோசித்தேன். இரண்டில் ஒன்று. வேண்டாம் என்று வந்துவிட்டால் இவள் ஜீப் ஏறிவிடுவாள், அடுத்த புதன்வரை உயிரோடு இருப்பாளா என்பது சந்தேகம். ஒரு மனுஷியின் உயிரை ஒரு பொட்டலத்தில் வைத்து விளையாடுவதா? சிவப்பு அரளியைச் செடியிலேயே விட்டுவிட்டு வெள்ளை நந்தியாவட்டைப் பூ இரண்டு பறித்தேன்.

கம்பவுண்டர் பொடி மருந்து மடிக்கும் தாளில் இரண்டு வாங்கி, பூக்களை வைத்து, ஒன்றுபோல மடித்தேன். லீலாம்மா கதவருகே வந்து நின்றாள்.

"மிஸ், எந்தப் பூ வந்தா சரின்னு அந்தச் சேச்சிகிட்டக் கேட்டுட்டு வரட்டா?"

"போடியில பொறந்தவளுக்கு நீ பூக்கட்டச் சொல்லித் தர்றியா? போயி அவங்களுக்கு முகம் கழுவிவிடு, போ."

போய்விட்டாள். இந்த இடத்தில் நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

ராமுத்தாய் தலையை ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, ராசிங்காபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகன் பக்கத்தில் நின்றார். ஒரு எனாமல் தட்டில் பொட்டலங்களை வைத்தேன். அவள் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். லீலாம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து, பிரித்து நீட்டினாள். வெள்ளை. எனக்கு மூச்சு வந்தது.

ராமுத்தாய் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்ற பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தாள், போகிற வழியில் ஆற்றில் விடலாம் என்று. பிறகு மகனைப் பார்த்தாள்.

"அப்பு, ஜீப்புக்குச் சொல்லு. வெரசாக் கெளம்புவோம்."

"எங்கக்கா கெளம்புறீங்க? அதான் வெள்ளை வந்திருச்சே!" என்றேன்.

"அதனாலதான் தாயி கெளம்புறேன். எங்காத்தா செவப்புடுத்துறவ. எங்க வீட்ல செவப்பு வந்தாத்தான் உத்தரவு. வெள்ளைன்னா தொடாதேன்னு அர்த்தம்."

எங்கள் வீட்டு வழக்கம்தான் இந்தப் பக்கத்து வழக்கம் முழுவதும் என்று நினைத்துவிட்டேன். ராசிங்காபுரம் எத்தனை மைல்? பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. இரண்டிலும் வெள்ளை வைத்து, எப்படி எடுத்தாலும் வேண்டாம் என்றே வரும்படி நானே செய்து வைத்திருந்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி டியூட்டராக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். உள்ளூர்க்காரி என்பதால்தான் கேட்கவில்லை.

முதலில் அதட்டிப் பார்த்தேன். உடம்பு கெட்டுப்போகும் என்று மிரட்டினேன். மகனைத் தூண்டிவிட்டேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு தடவை பாப்போம்க்கா, சில பேர் மூணு தடவை பாப்பாங்க" என்றேன்.

"ஏந்தாயி, சாமி என்ன செவிடா, மூணு தடவை கேக்க?"

மகன் ஜீப் பார்க்கப் போனார். லீலாம்மாவைக் காணோம். தேடினால், துணி அடுக்கும் அறையில் போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என் கையாலயல்லே மிஸ் வந்துச்சு. அந்தச் சேச்சி போற வழியில செத்தா..."

பொய்யைப் பொய்யால் மூடிவிடலாமா என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் போட்டது. எப்படியாவது இன்னொரு முறை பார்க்கச் சம்மதிக்க வைத்து, இந்தத் தடவை இரண்டிலும் சிவப்பு வைத்தால்? செய்யக்கூடியதுதான். ஆனால் என் எதிரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, செய்யாத குற்றத்துக்குத் தன் கையையே பார்த்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

ராமுத்தாய் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பூவ நம்பிப் போகாதீங்க."

"ஆத்தா சொன்னதுக்கு மேல நீ என்ன சொல்லப்போற?"

"ஆத்தா சொல்லலக்கா. ரெண்டுலயும் நான் வெள்ளையத்தான் வச்சேன். எங்க வீட்ல வெள்ளைதான் உத்தரவு. எத எடுத்தாலும் நீங்க ஆப்பரேஷனுக்குச் சரின்னு சொல்லணும்னு வச்சேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இது மேல தப்பில்ல."

அவள் என்னையே பார்த்தாள். தலையணைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கக் கூடாத பொட்டலம் அது. பிரித்தாள். நந்தியாவட்டை. இரண்டு பூவையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். இவள் என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப எங்காத்தா இன்னும் வாயே தொறக்கல" என்றாள் மெதுவாக. "அவ குரல்ல நீ பேசியிருக்க."

"ஆமாக்கா."

"எதுக்குப் பண்ணுன?"

சொல்வதற்கு என்னிடம் நிறைய நியாயங்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன். "நீங்க செத்துப்போயிருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா" என்றேன்.

அவள் கையிலிருந்த பூ கட்டிலில் விழுந்தது.

"சாகுற அளவுக்கா இருக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வராண்டாவில் மகனிடம் சொன்னோம், பதிவேட்டில் எழுதினோம், படித்துக்கொண்டிருக்கும் மாணவிகளுக்குக்கூடச் சொன்னோம். இவளிடம் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

"கட்டின்னீங்க, எடுத்தாச் சரியாயிரும்னீங்க. எடுக்காட்டி என்னாகும்னு யாராச்சும் சொன்னீங்களா? ஒண்ணுந்தெரியாம நான் எங்காத்தாகிட்ட என்னத்தத் தாயி கேட்டிருப்பேன்?"

மாணவிகள் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கட்டி என்றால் என்ன, எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, எடுக்கும்போதே என்ன ஆகலாம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். மறுபடி மலையேற முடியுமா? முழிப்பு வருமா? கடைசியாக, கேட்க வெட்கப்படுகிறவள்போல, "மயக்கம் குடுக்குற வரைக்கும் தெரிஞ்ச மொகம் யாராச்சும் பக்கத்துல நிப்பாங்களா?" என்றாள்.

"ஞான் நிப்பேன் சேச்சி" என்றாள் லீலாம்மா. என் அனுமதியைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கிற நிலையில் இல்லை.

ராமுத்தாய் துணிப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இப்பக் கேக்குறேன், முழுசாச் சொல்லிக் கேக்குறேன். பாப்பா, நீ போயி ரெண்டு பூவும் கட்டிக் கொண்டா. டீச்சரம்மா எடுக்கட்டும்."

"நான் கல்யாணமானவக்கா."

"இருந்துட்டுப் போ. பொய் கட்டுன கை நெசத்த எடுக்கட்டும். செவப்பு வந்தா நாளைக்கு வர்றேன். வெள்ளை வந்தா வீட்டுக்குப் போயிருவேன். மறிக்கக் கூடாது."

மறிக்க மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். லீலாம்மா கிளம்பியவள் வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "செவப்பு வந்தா சரி, வெள்ளை வந்தா வேண்டா. அதுதானே சேச்சி?" ஒரு நொடிதான் ஆனது அதைக் கேட்க.

தட்டு வந்தது. ராமுத்தாய் இந்தத் தடவை வாய்விட்டே கேட்டாள்.

"ஆத்தா, எடுத்தாப் பொழைக்கலாங்குறாங்க, எடுக்காட்டி இல்லங்குறாங்க. எடுக்கையிலயே போனாலும் போயிருவேனாம். எனக்குப் பயமாக் கெடக்கு. என்னையப் போட்டு வதைக்காமச் சொல்லிரு."

தட்டில் இரண்டு பொட்டலங்கள். என் கை மேலே போய் நின்றுவிட்டது. அதுவரைக்கும் இது எனக்கு மதிக்க வேண்டிய ஒரு வழக்கம், அவ்வளவுதான். பரீட்சையில் இரண்டு மதிப்பெண். இப்போது எதைத் தொட்டாலும் ஒரு உயிர். இந்த இடத்தில்தான் அவள் நேற்றிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்று தெரியவில்லை, வேண்டினேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து இரண்டு பொட்டலமும் நாலாகத் தெரிந்தன. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கைக்கு வந்ததை எடுத்தேன்.

பிரிக்க முடியவில்லை. ராமுத்தாயே வாங்கிப் பிரித்தாள். சிவப்பு அரளி.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், நோயாளியின் கட்டிலில் தலையை வைத்து, மாணவியின் முன்னால். "எந்திரி தாயி, யாராச்சும் பாக்கப் போறாக" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தது அவள்தான். ஜீப் கொண்டுவந்த மகன் என்ன நடந்தது என்று புரியாமல் வாசலில் நின்றார்.

புதன்கிழமை ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. லீலாம்மா சொன்னபடி மயக்கம் கொடுக்கும்வரை அவள் தலைமாட்டில் நின்றாள். நான் மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டினார், ஆனாலும் வராண்டாக் கடைசி வரைக்கும் கேட்டதாம். அடுத்த வாரம் கரும்பலகையில் அந்தக் கட்டத்தைப் போடவில்லை. வார்டுக்குப் போய் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள், அவர் எதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார் என்று கேளுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். தலைவாரிவிட அரை மணி நேரம் எடுக்கிறவளை அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. சிவப்பு வந்ததால் இதை இப்படி நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளை வந்திருந்தால்? சத்தியம் செய்தபடி அவளை விட்டிருப்பேனா, மறித்து நின்றிருப்பேனா? இரண்டு வாரமாக இதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அனுப்புகிற நாளில், அவளை ஜீப் வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்போது, அடக்கமாட்டாமல் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு வெள்ளை வந்திருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?"

"இதென்ன கேள்வி? போயிருப்பேன்." ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். "நீயும் எங்கூட ஏறி வந்திருப்ப. வந்திருப்பியா, மாட்டியா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் ஏறாமல் நின்றாள்.

"வந்திருப்பேன்க்கா."

ஒரு தடவை என்னை நம்பி ஏமாந்தவள். என் முகத்தைக்கூட ஆராய்ந்து பார்க்கவில்லை. "தெரியும்" என்று சொல்லிவிட்டு, மகனின் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.